மறதியும் ஒரு கணினி விளையாட்டும்

1915 மே 22, காலை நேரம். ஸ்காட்லாந்தில் கிரெட்னா அருகே குவின்டின்ஸ்ஹில் என்ற சிறிய சிக்னல் கேபினுக்கு ஜேம்ஸ் டின்ஸ்லி என்பவர் பணிக்கு வருகிறார். அவர் ஏறி வந்த உள்ளூர் ரயில், வேறு இடம் இல்லாததால், கேபினுக்கு எதிரிலேயே பிரதான பாதையில் ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்தது. சற்று நேரத்தில் அதை அவர் அடியோடு மறந்துவிட்டார்! அதே பாதையில் ராணுவ வீரர்களோடு வந்த ரயிலுக்குக் கைகாட்டியை இறக்கிவிட்டார். இரண்டும் மோதிக் கிடந்த இடத்தில் ஒரு விரைவு ரயிலும் வந்து மோதித் தீப்பிடித்தது. இறந்தவர்கள் 200க்கும் மேல். பெரும்பாலோர் போர்முனைக்குப் புறப்பட்ட வீரர்கள்.

பாதையில் ரயில் நிற்கும்போது அந்த லீவரின் பிடியில் ஒரு வளையம் மாட்ட வேண்டும் என்பது விதி. வளையம் இருந்தால் லீவரை இழுக்க முடியாது. அன்று யாரும் மாட்டவில்லை. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, ரயில் நிற்பதைத் தானாகவே காட்டும் முறையும் அப்போதே இருந்தது. ஆனால் குவின்டின்ஸ்ஹில்லில் அது பொருத்தப்படவில்லை. டின்ஸ்லியும் இரவுப் பணியில் இருந்தவரும் சிறைக்குப் போனார்கள். (இருவரை மட்டும் தண்டித்தது சரியா என்பது வேறு விவாதம்.)

சிம்சிக் என்னும் பிரிட்டிஷ் கணினி விளையாட்டை முதன்முதலில் பார்ப்பவருக்குச் சலிப்புதான் வரும். ரயில் படம் கிடையாது, எஞ்சின் சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் சில கோடுகள் மட்டுமே. சாம்பல் நிறம் என்றால் காலிப் பாதை, வெள்ளை என்றால் ரயிலுக்காகப் போட்டு வைத்த பாதை, சிவப்பு என்றால் அங்கே ரயில் இருக்கிறது. அந்தச் சிவப்புக் கோடுதான் டின்ஸ்லிக்குக் கிடைக்காமல் போனது!

1989இல் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் கணினித் திரைகள் கொண்ட கட்டுப்பாட்டு மையம் வந்தது. ஜெஃப் மேயோ உருவாக்கிய சிம்சிக், அந்த மாதிரித் திரையை அப்படியே வீட்டு மேசைக்குக் கொண்டு வந்தது. விளையாடுபவர் ஓட்டுநர் அல்ல, சிக்னல்மேன். ஒவ்வொரு ரயிலுக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. 1 என்று தொடங்கினால் விரைவு ரயில், 2 என்றால் சாதாரணப் பயணிகள் ரயில், 6 என்றால் சரக்கு ரயில்.

வேண்டுமென்றே இரு ரயில்களை மோதவிட நினைத்தாலும் நடக்காது. ஒரு பாதை போட்டிருக்கும்போது அதற்குக் குறுக்கே இன்னொன்றைப் போட முயன்றால் கணினி மறுத்துவிடும். ரயில் நெருங்கிய பிறகு சிக்னலைத் திரும்பப் பெற்றால், சில நிமிடம் கழித்துத்தான் பாதை விடுபடும். ஓட்டுநர் நிறுத்த முடியாமல் போய்விடலாம் அல்லவா? நிஜ ரயில்வேயில் விபத்துகள் கற்றுத் தந்த பாடங்கள் இவை.

ஆனாலும் மறதிக்கு இடம் உண்டு. ஒரு ரயிலை மறந்துவிட்டால், சிவப்பு சிக்னலில் நிற்கும் ஓட்டுநரிடமிருந்து தொலைபேசி மணி அடிக்கும். சிக்னல் பழுதானால், சிவப்பைத் தாண்டி வரச் சொல்லும் அதிகாரமும் விளையாடுபவருக்கு உண்டு. பூட்டெல்லாம் விலகி, முழுப் பொறுப்பும் மனிதன் தலையில் விழும் இடம் இது.

முதலில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி நிரலாக இருந்தது. பிறகு ஒரே நிரல் எல்லாவற்றையும் இயக்கும்படி மாற்றினார்கள். இணையம் வழியே பலர் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்துக் கேபின்களை நடத்தவும் வசதி வந்தது. பழைய கால அட்டவணைகளை ஆர்வலர்களே தேடி எழுதிச் சேர்த்தார்கள். வெளியே நிஜக் கேபின்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, வேலை சில பெரிய மையங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மூடப்பட்ட கேபின்கள் சில இந்த விளையாட்டில் இன்னும் பணியில் இருக்கின்றன.

லிவர்பூல் ஸ்ட்ரீட் போன்ற மையங்களில் அட்டவணையைப் பார்த்துக் கணினியே பாதை போடும் வசதியும் உண்டு. சிம்சிக்கிலும் அது இருக்கிறது. அதை அணைத்துவிட்டு, காலை நெரிசலில் ஒவ்வொரு ரயிலுக்கும் தானே பாதை போடவும் செய்யலாம்.