இணையம் நம் தேசத்தில் பரவிய வரலாறு



ஓர் ஊருக்கு ஆற்றுநீர் வந்துவிட்டது என்று எப்பொழுது சொல்லலாம்? அணை கட்டி முடிந்த அன்றா, வாய்க்கால் வெட்டிய அன்றா, கடைமடையிலுள்ள ஏழைக் குடியானவனது வயல் நனைந்த அன்றா? கடைமடை நனைந்த அன்றே நீர் வந்தது என்பர் வேளாண்மை அறிந்தோர். இணையம் என்னும் செய்திப் பெருக்கு இந்திய தேசத்துட் புகுந்த சரித்திரத்தையும் இந்த அளவுகோலைக் கொண்டே அளந்து பார்ப்போமாக.

முதற்கண் 1986-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் மின்னணுவியல் துறையார், ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டத்தாருடைய பொருளுதவி கொண்டு ‘எர்னெட்’ என்னும் வலையமைப்பைத் தொடங்கினர். டில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய இடங்களிலிருந்த ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், வேறு சில உயர் நிலையங்களும் அதில் இணைந்தன. கற்றோர் கற்றோரோடு கடிதம் பரிமாறிக்கொள்ள அது பெரிதும் உதவிற்று. எனினும் அந்நிலையங்களின் மதிலுக்கு வெளியே நின்ற பொதுஜனங்களுக்கு அப்படியொன்று உண்டென்பதும் தெரியாது.

பின்னர் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், ‘விதேஷ் சஞ்சார் நிகம்’ என்னும் அரசாங்கக் கம்பெனியார் பொதுமக்களுக்கும் இணையத்தைத் திறந்துவிட்டனர். பெயரளவில் கதவு திறந்தது. ஆயினும் வாயிற்படி மிக உயரமாயிருந்தது. தனி மனிதர் ஒருவர் படங்களோடு கூடிய முழு இணைப்பைப் பெற 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் செலுத்த வேண்டும். அதன் வேகமோ விநாடிக்கு 9,600 பிட்டு மாத்திரமே. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு சலுகை இருந்தது. அதில் எழுத்துக்கள் மட்டும் தோன்றும், படங்கள் தோன்றா.

அன்றியும், அந்நாளில் இணையம் தொலைபேசிக் கம்பியின் வழியாகவே வர வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையின்படி, நூறு பேருக்கு 0.8 தொலைபேசியே தேசத்தில் இருந்தது. ஏறக்குறைய 25 லட்சம் பேர் இணைப்பு வேண்டிக் காத்திருந்தனர். 5,76,490 கிராமங்களில் சுமார் 1,40,000 கிராமங்களே தொலைபேசியைக் கண்டிருந்தன. கம்பியே இல்லாத ஊருக்குக் கம்பிவழி வரும் கல்வி எங்ஙனம் வரும்?

1998-ஆம் ஆண்டு நவம்பரில் அரசாங்கத்தார் தனியார் கம்பெனிகளுக்கும் இத்தொழிலில் இடங்கொடுத்தனர். கட்டணம் இறங்கலாயிற்று. முன்னரே தெருக்கள் தோறும் எஸ்.டி.டி. பூத்துகளில் தொலைபேசியைப் பொதுவில் வைத்துப் பிழைக்கப் பழகிய நம் ஜனங்கள், அதே முறையில் ‘பிரௌசிங் சென்டர்’களைத் திறந்தனர். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்க இயலாத பிள்ளைகள், மணிக்கு இவ்வளவு என்று சில்லறை கொடுத்துப் பரீட்சை முடிவையும் உத்தியோக விளம்பரத்தையும் பார்க்கலாயினர். பகிர்ந்து கொண்டமையாலேயே இணையம் பரவிற்று என்பது இதனால் விளங்கும்.

நிற்க. பட்டணத்தின் கதை இதுவாக, கடைமடையின் கதையைக் காண்போம். அதே 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கினர். வில்லியனூரில் தலைமை நிலையம்; அங்கிருந்து கம்பியில்லாக் கருவிகள் மூலம் மற்றக் கிராமங்களுக்குச் செய்தி சென்றது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோன இடங்களில் சூரிய ஒளியால் மின்சாரம் உண்டாக்கினர். இடத்தை ஊராரே கொடுக்க வேண்டும். அங்கே எல்லாச் சாதியாரும் ஆண் பெண் பேதமின்றி வரலாம் என்று அவர்கள் உறுதி கூறவும் வேண்டும். மையங்களை நடத்தியவர்களிற் பெரும்பாலோர் அவ்வூர்ப் பெண்மணிகளே.

வீராம்பட்டினத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிட்ட அலைகளின் உயரக் கணிப்பை எடுத்துத் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் நாள்தோறும் சொல்லி வந்தனர். எழுத்தறியாத மீனவரும் அதைக் கேட்டே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானித்தனர். உலகத்தின் மறுகோடியிற் பிறந்த செய்தி அவர்தம் காதில் தாய்மொழியாய் விழுந்தது. கடைமடை நனைந்தது!

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்னும் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கிற்று. ஊரார் ஓடித் தப்பினர். ஏறக்குறைய 3,600 பேர் உயிர் பிழைத்தனர். அன்று அவர்களைக் காத்தது இணையக் கம்பியன்று என்பது மெய்யே. ஆயினும் அம்மையம் எல்லோர்க்கும் பொதுவாயிருந்து, அதன் குரலை நம்பி நடக்க ஊரார் முன்னமே பழகியிருந்தமையாலன்றோ அவ்வொரு வார்த்தை அத்தனை உயிர்களையும் எட்டிற்று? ஒரு சாரார்க்கு மட்டும் உரிய அறையாயிருப்பின், மற்றையோர் கதி யாதாயிருக்கும்!

ஆதலின் சங்கத்தாரே, நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் கருவி இருக்கிறதென்று மகிழ்ந்து அமையற்க. நம் ஊர்ப் படிப்பகத்தின் கதவு யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். அணையைப் புகழ்வோர் பலர். மடையைத் திறப்போரே வேண்டும்.