புஷ்கரத்து ஒட்டகச் சந்தை

இராஜஸ்தானத்திலே, அஜ்மீர் நகருக்கு வடமேற்கே, நாகமலை என்னும் குன்றுத்தொடரைக் கடந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் புஷ்கரம் என்னும் சிற்றூரைக் காணலாம். ஊர் நடுவே ஓர் ஏரி. ஏரியைச் சூழ 52 படித்துறைகள். துறைகளுக்குப் பின்னே கோயில்கள். கோயில்களுக்கு அப்பால் மணல். தார்ப் பாலைவனத்தின் கீழ்விளிம்பாகிய அம்மணலிலேதான் ஆண்டுதோறும் கால்நடைச் சந்தை கூடுகிறது. ஒட்டகச் சந்தை என்று உலகெங்கும் அதற்குப் பெயர்.

அங்குச் சென்று மீள்வோரிற் பலர், மக்கள் வெள்ளத்தைக் கண்டதாகவும் ஒட்டகங்களை அவ்வளவாகக் காணவில்லை என்றும் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. புஷ்கரத்தில் நடப்பவை இரண்டு. திருவிழா ஒன்று, சந்தை மற்றொன்று. இரண்டிற்கும் ஊர் ஒன்றே. நாட்கள் வேறு, கூடுகின்ற மக்களும் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் பயணத்திற்கு நாள் குறிப்பவர், திருவிழாவைப் பார்த்துவிட்டுச் சந்தையைப் பார்த்ததாக எண்ணித் திரும்புவர்.

திருவிழாவின் நாள் தெளிவானது. வடநாட்டுக் கார்த்திக மாதத்து வளர்பிறை ஏகாதசி தொடங்கி முழுநிலவு வரை ஐந்து நாள் ஏரியில் நீராடுவது பெரும்பேறு எனக் கருதப்படுகிறது. முழுநிலவு நாளில் கூட்டம் உச்சத்தை எட்டும். தமிழர் இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். வடவரின் கார்த்திகம் திங்களின் இயக்கத்தைப் பற்றியது. நம் கார்த்திகை ஞாயிற்றின் இயக்கத்தைப் பற்றியது. ஆகவே திருவண்ணாமலைத் தீபத்தை வைத்துப் புஷ்கர விழாவைக் கணிப்பது பிழையாக முடியும். 2023-ஆம் ஆண்டில் இரண்டும் ஒரே முழுநிலவையொட்டி நவம்பர் இறுதியில் வந்தன. 2024-இலோ புஷ்கரத்து முழுநிலவு நவம்பர் 15-இல். தீபம் டிசம்பர் 13-இல். எளிய வழி யாதெனில், தீபாவளியை அளவாகக் கொள்வதே. தீபாவளிக்குப் பின் முதலாவதாக வரும் முழுநிலவே புஷ்கரத்து முழுநிலவு.

சந்தையோ தீபாவளி கழிந்த சில நாட்களிலேயே கூடத் தொடங்கிவிடும். மேய்ப்பர்கள் மந்தையோடு பல நாள் நடந்து வந்து மணல் மேடுகளில் தங்குவர். கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி ஏகாதசிக்கு முன்னரே முடிந்துவிடும். விற்றவர் பணத்தோடும், வாங்கியவர் விலங்கோடும் ஊர் திரும்புகிற வழியில்தான் நீராட வருகிற கூட்டம் எதிர்ப்படும். முழுநிலவன்று வருபவர் காண்பது பெரும்பாலும் காலியான மணல்மேட்டையும், சுற்றுலாவினரை ஏற்றிச் செல்ல நிறுத்தப்பட்ட ஒட்டக வண்டிகளையுமே.

இனி இவ்வூரின் பழைமைக்கு வருவோம். மகாபாரதத்தின் வனபருவத்தில், தீர்த்தங்களை வரிசைப்படுத்தும் பகுதியில், புஷ்கரம் சிறப்பிடம் பெறுகிறது. புராணச் செய்திகள் ஒருபுறமிருக்க, கல்வெட்டுச் சான்று ஒன்று உண்டு. நாசிக் மலைக்குகையில், சக மன்னன் நகபானனின் மருமகன் உசவதாதன் வெட்டுவித்த சாசனம் அது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியது. மாலயர் என்பாரால் முற்றுகையிடப்பட்டிருந்த உத்தமபத்திரர் தலைவனை விடுவிக்கச் சென்ற அவன், பகைவர் ஓடியபின் புஷ்கர நீர்நிலைக்குப் போய் நீராடி, மூவாயிரம் பசுக்களையும் ஓர் ஊரையும் தானம் செய்தான் என்று அது கூறுகிறது. (மாலயர் என்போர் மாளவ மக்கள், பெயரொற்றுமை கண்டு அவர்களை மலாயாவோடு இணைத்துவிடலாகாது.) இச்சாசனம் சந்தைக்குச் சான்றாகாது. ஆனால் மூவாயிரம் பசுக்களைப் பெறுவோரும், அவற்றுக்கு நீரும் மேய்ச்சலும் அந்த ஏரிக்கரையை ஒட்டி இருந்தமை இதனாற் புலப்படும். பாலை விளிம்பில் வற்றாத நீர் உள்ள இடத்திற்கு மனிதர் வருவதற்கு முன்னரே மந்தைகள் வழி கண்டிருக்கும்.

ஏரிக்கரையில் உள்ள பிரமன் கோயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். இப்போதுள்ள கட்டடம் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். உலகில் பிரமனுக்கு இஃதொன்றே கோயில் என்று வழிகாட்டிகள் ஓயாது உரைப்பர். கும்பகோணத்தை அறிந்தவர் அதை நம்பமாட்டார். முகலாய மன்னர் ஜகாங்கீர் 1613 முதல் 1616 வரை அஜ்மீரில் தங்கியிருந்த காலத்தில் புஷ்கரக் கரையில் எழுப்பிய மாளிகையின் சிதைவு இன்னும் இருக்கிறது. 1818-இல் அஜ்மீர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அரசாங்க விவரத் திரட்டு, ஆண்டு விழாவிற்கு ஏறத்தாழ 1,00,000 யாத்திரிகர் வருவதையும், குதிரை, ஒட்டகம், எருது ஆகியவற்றின் வாணிகம் பெரிதாக நடப்பதையும் குறிக்கிறது. குதிரை அன்றே இச்சந்தையின் சரக்காக இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. பின்னர் அது வேண்டியிருக்கும்.

ஒட்டகத்தின் வரலாறு சுவையானது. தமிழ் நூல்களுக்கு அவ்விலங்கு புதியதன்று. தொல்காப்பிய மரபியல் ஒட்டகத்தின் இளமைக்குக் கன்று என்னும் பெயரும் பெண்மைக்குப் பெட்டை என்னும் பெயரும் உரியன என விதிக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் அது உவமையாக வருகிறது. மார்வார் நாட்டிலோ, ஒட்டகத்தைக் கொண்டுவந்தவர் பாபூஜி என்னும் வீரர் என்பது மரபு. பதினான்காம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் இவரைத் தெய்வமாகப் போற்றுவோருள் ஒட்டகம் மேய்க்கும் ராயிகா மக்கள் முதன்மையானவர். ரேபாரி என்றும் அவர்களை அழைப்பர். நீண்ட திரைச்சீலையில் எழுதிய ஓவியத்தின் முன்னின்று போபா என்னும் பாணர் பாடும் கதையிலே, பாபூஜி ஒட்டகம் கவர்ந்து வந்த நாடு இலங்கை! கேட்கும் தமிழர் வியப்பது இயல்பே. ஆயின் பதினேழாம் நூற்றாண்டில் மார்வார் அமைச்சராயிருந்த நைணசி எழுதிவைத்த வரலாற்றுக் குறிப்பில், அவை சிந்து நாட்டுச் சூம்ரர் தலைவனிடமிருந்து கவரப்பட்டவை. ஒட்டகம் மேற்கிலிருந்து சிந்து வழியாக மார்வார் புகுந்தது என்பதற்கு இக்குறிப்பே பொருந்தும். இராவணனின் நகரம் பாணரின் நாவில் பின்னர் வந்து ஏறியிருக்கவேண்டும்.

ராயிகாக்களின் தோற்றக் கதையில் பார்வதி மண்ணாற் செய்த விலங்கிற்குச் சிவன் உயிரூட்டினார். அதை மேய்க்க முதல் ராயிகாவைப் படைத்தார். இக்கதையை நம்பும் மக்கள் ஒட்டகத்தைச் சொத்து என்று கொள்வதில்லை. ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்றே கொள்வர். அதன் ஊனை உண்ணமாட்டார். ஊனுக்கு விற்கவும் மாட்டார். பாலை விற்பது பிள்ளையை விற்பது போன்றது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பெட்டையை விற்பதில்லை. இத்தனையையும் விலக்கியபின் அவர்கள் பிழைப்பது எவ்வாறு? அதற்கு விடையே புஷ்கரம்.

பெட்டை ஒட்டகம் ஏறக்குறைய பதின்மூன்று திங்கள் சுமந்து ஒரு கன்று ஈனும். இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்பது வழக்கம். பல பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதுமாதலால், பிறக்கும் ஆண் கன்றுகளில் பெரும்பாலானவை மந்தைக்கு மிகை. அவற்றை வளர்த்து ஆண்டுக்கொரு முறை விற்பதே ராயிகா குடும்பத்தின் வருவாய். வாங்குவோர் உழவர். மழை ஓய்ந்து, கம்பு அறுவடை முடிந்து, கையில் காசு இருக்கும் காலம் அது. குளிர்காலப் பயிருக்கு நிலத்தை உழவேண்டிய காலமும் அதுவே. குளிர் முற்றினால் ஆண் ஒட்டகத்திற்கு மதம் ஏறும், பழக்குவது அரிது. எனவே கார்த்திகத்து வளர்பிறை இருசாரார்க்கும் ஏற்ற காலமாயிற்று. ஏரியில் நீர், வழியெங்கும் மழைக்குப் பிந்திய மேய்ச்சல், நீராடும் புண்ணியம் ஆகிய எல்லாம் அங்கே ஒன்றாகக் கூடின.

சந்தையில் வாங்குபவர் முதலில் பார்ப்பது பல்லை. வயது அதிலே எழுதப்பட்டிருக்கும். பின்னர் நடக்கவிட்டுப் பார்ப்பர். பாதத்தின் மெத்தையைத் தடவிப் பார்ப்பர். பிகானீர் ஒட்டகம் பாரம் இழுக்கும். ஜெய்சல்மேர் ஒட்டகம் விரைந்து ஓடும். மயிரைக் கத்தரித்துப் பூவும் கொடியும் வரைந்திருப்பர். அழகுதான், ஆயினும் விலை அதனால் முடிவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பழைய விமானச் சக்கரங்களைப் பூட்டிய ஒட்டக வண்டி இராஜஸ்தானத்தில் பரவியது. மணலில் புதையாமல் ஓடும் அவ்வண்டி ஒட்டகத்தின் மதிப்பைப் பல ஆண்டுகள் உயர்த்தி வைத்தது. புதுமை வந்தால் பழைய தொழில் அழியும் என்று பொதுவாகச் சொல்வோர் இந்த வண்டியை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பின்னர் டிராக்டரும் சரக்கு மோட்டாரும் வந்தன. உழவர்க்கு ஒட்டகம் வேண்டாததாயிற்று. 1958-இல் தொடங்கி வெட்டப்பட்ட பெருங்கால்வாய் மேற்குப் பாலையின் ஒரு பகுதியை வயலாக்கியது; மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று. காடுகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட, மந்தைகள் பழகிய வழிகள் அடைபட்டன. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 4,00,000 ஒட்டகங்கள் இருந்தன. 2019-இல் அவை 2,50,000 ஆகக் குறைந்தன. இராஜஸ்தானத்தில் மட்டும் 3,26,000 என்பது 2,13,000 ஆயிற்று.

இவ்வீழ்ச்சியைத் தடுக்க எண்ணிய மாநில அரசு 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக்கியது. 2015-இல் சட்டம் ஒன்றும் செய்தது. அறுப்புக்குத் தடை, உரிய அதிகாரியின் இசைவின்றி மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுசெல்லவும் தடை. நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் இயற்றியோர் சந்தை எப்படி இயங்கியது என்பதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வெளிமாநில வணிகர் வருவது குறைந்தது. விலை பெரிதும் சரிந்தது. ஆண் கன்றை விற்கமுடியாத ராயிகா, மந்தையை வைத்துக் காப்பது எதைக் கொண்டு? இளைஞர் நகரங்களுக்குப் போயினர். விலங்கைக் காப்பவர் கையிலிருந்து வருவாயைப் பறித்துவிட்டு விலங்கைக் காக்க முயன்ற கதை இது. பின்னர்க் கன்றுகளுக்கு உதவித்தொகை தரும் திட்டம் வந்தது. 2016-இல் ஒட்டகப் பாலுக்கு இந்திய உணவுத்துறை தரம் வகுத்தது. பாலை விற்கலாகாது என்ற பழைய விலக்கைச் சில ராயிகா குடும்பங்கள் தளர்த்தி, விற்கவும் முற்பட்டுள்ளன. அவர்களைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை.

இதனிடையே புஷ்கர மணலில் குதிரை முன்னுக்கு வந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் ஒட்டகங்களினும் குதிரைகளே மிகுதி. காது நுனிகள் உள்நோக்கி வளைந்த மார்வாரிக் குதிரைகளைப் பார்க்கச் செல்வர்கள் வருகின்றனர். பழைய விவரத் திரட்டில் குதிரை இடம்பெற்றிருப்பதை எண்ணினால், இது முற்றிலும் புதிதன்று என்பது விளங்கும்.

பயணம் திட்டமிடுவோர், முழுநிலவுக்குப் பத்து நாள் முன்னர் சென்று ஏகாதசி வரை தங்குமாறு நாள் குறிப்பது தக்கது. திருவிழாவையும் காண விரும்பினால் மேலும் ஐந்து நாள் வேண்டும். அந்நாட்களில் விடுதி வாடகை பன்மடங்கு ஏறும் என்பதால், அஜ்மீரில் தங்கி நாள்தோறும் போய்வருவாரும் உளர். அஜ்மீர் வரை இரயில் வசதி நன்றாக உண்டு. புஷ்கரத்தில் மதுவும் புலாலும் முட்டையும் கிடையா. படித்துறையில் காலணியோடு நடத்தலும், நீராடுவோரைப் படம் பிடித்தலும் ஆகா. பகலில் வெயில் காயும். இரவில் போர்வை வேண்டும். புறப்படுமுன் சந்தை நடக்கிறதா என்பதை உறுதிசெய்து கொள்வது இன்றியமையாதது. 2020-இல் கொள்ளைநோயால் விழா நின்றது. 2022-இல் மாடுகளுக்குத் தோல்நோய் பரவியதால் நீராட்டு மட்டும் நடந்தது, கால்நடைச் சந்தை நடைபெறவில்லை.

விடியலில் மணல்மேட்டிற்குச் செல்வது நலம். சாண நெருப்பின் புகை தாழ்ந்து நிற்கும் அவ்வேளையிலேதான் விலை பேசுவோர் மந்தை மந்தையாகச் சுற்றி வருவர். நாள் தவறியவர் மனந்தளர வேண்டுவதில்லை. தை, மாசியை ஒட்டி நாகௌரில் கூடும் சந்தை எருதுகளுக்குப் பெயர் பெற்றது. பங்குனியை ஒட்டி லூணி ஆற்றின் வறண்ட மணலில், தில்வாரா என்னுமிடத்தில், மல்லிநாதர் பெயரால் ஒரு சந்தை கூடுகிறது. அங்கே சுற்றுலாக் கூட்டம் குறைவு. மாடும் குதிரையும் ஒட்டகமும் விற்கவும் வாங்கவும் வந்தவர்களே மிகுதி.