திகதி கேட்ட சட்டம்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் முப்பது வருடம் தட்டெழுத்துக் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டில் அசைலம் அடித்த பிள்ளைகளுக்காகத் தாய்மார் வந்து நிற்பார்கள். "ஐயா, இவனைப் பிடிச்சுக்கொண்டு போனது எண்டு ஒரு சத்தியக் கடதாசி அடிச்சுத் தாங்கோ." எந்தத் திகதியம்மா என்று கேட்டால் விழிப்பார்கள். ஊரே ஓடிய நாளில் யார் திகதி குறித்து வைத்தது?

சட்டத்துக்கு அந்தத் திகதிதான் தேவைப்பட்டது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்று ஐந்து காரணங்களைச் சொல்கிறது. தமிழர் என்றால் முதலாவதே போதும் என்று எங்கள் சனம் நம்பியிருந்தது. ஆனால் 1987 டிசம்பரில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, சிவகுமாரன் வழக்கில், மனதிலுள்ள பயம் மட்டும் போதாது, அதற்கு வெளியே ஆதாரம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1988 பெப்ரவரியில் அந்த வழக்கிலிருந்த ஐந்து தமிழரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். வந்தவர்களில் சிலர் இங்கே அடி வாங்கினார்கள். 1989 இல் மேன்முறையீட்டில் வென்று மீண்டும் லண்டன் போனார்கள். அப்படியிருந்தும் 1991 ஒக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களை அனுப்பியது பிழையில்லை என்றது. திரும்பிவந்த மற்றத் தமிழ் இளைஞரைவிட இவர்களுடைய நிலை மோசமானதென்று காட்டப்படவில்லையாம்.

இந்தக் காரணத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 1985 இல் எங்கள் மாவட்டத்துத் தமிழ்க் கிராமங்கள் எரிந்தன. எந்த நெருப்பு ஆள் பார்த்து எரித்தது? 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு ஓடியபோது, எந்த ஷெல் பெயர் கேட்டு விழுந்தது? அயலவருக்கு நடந்ததேதான் தனக்கும் நடந்தது என்று சொல்பவரின் வழக்கு, சட்டத்தின் முன் பலமிழக்கிறது.

அதே 2006 இல் இங்கிருந்து மன்னார் போய், வள்ளமேறி இராமேஸ்வரம் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. இந்தியா அந்த அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அங்கே கேஸ் எழுதத் தேவைப்படவில்லை. பதிவு, முகாம், உதவித்தொகை கிடைத்தன. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

2008 இல்தான் ஐரோப்பிய நீதிமன்றம் கொஞ்சம் இறங்கிவந்தது. முன்பு பிடிபட்டது, உடம்பிலுள்ள தழும்பு, அடையாள அட்டை இல்லாதது, சட்டத்துக்குப் புறம்பாக நாட்டைவிட்டுப் போனது போன்றவற்றைத் தனித்தனியாகத் தள்ளாமல் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. 2019 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் முன்னும் ஒரு இலங்கையரின் தழும்புகளே வழக்காகின. அவர் தானே கேட்டுச் சூடு வைப்பித்துக்கொண்டதா, சித்திரவதையா என்பதே அங்கு கேள்வி. தழும்புகளைப் பார்த்த வைத்தியரின் கருத்துக்கு உரிய மதிப்புக் கொடுத்து மீண்டும் விசாரிக்கும்படி நீதிமன்றம் சொன்னது.

கடையை மூடிவிட்டேன். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். செஞ்சிலுவைக்காரர் தடுப்பில் பார்த்து எழுதிக் கொடுத்த அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் திகதியை எழுதி வையுங்கள்.