பகுதிநேரச் சட்டமன்றமும் பணி விடுப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர் பதவி முழுநேரத் தொழிலாக வகுக்கப்படவில்லை. ஆண்டில் சில மாதங்கள் தலைநகரில் கூடிச் சட்டமியற்றிவிட்டு, எஞ்சிய காலத்தில் தத்தம் தொழிலுக்குத் திரும்பும் குடிமக்களே மக்களின் நிலையை அறிந்து நடப்பர் என்பதும், ஊதியம் பெருகினால் பதவியே பிழைப்பாகிவிடும் என்பதும் அம்மாநில அரசமைப்புகளின் அடியில் கிடந்த எண்ணங்களாகும். நியூ ஹாம்ப்ஷயர் 1889இல் தன் அரசமைப்பைத் திருத்தி, ஈராண்டுப் பதவிக்காலம் முழுமைக்கும் உறுப்பினர் ஒருவருக்கு 200 டாலர் என வரையறுத்தது; 400 பேர் கொண்ட அதன் கீழவையில் இன்றும் அதுவே ஊதியம். டெக்சஸில் வழக்கமான கூட்டத்தொடர் ஈராண்டுக்கு ஒருமுறை, 140 நாட்களுக்கு மிகாமல் நடைபெறுகிறது. அங்கே ஊதியம் மாதம் 600 டாலர்.

சொந்த நிலம் உழுதவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் கடை நடத்தியவர்களுக்கும் இவ்வேற்பாடு ஒத்துவந்தது. பனிக்காலத்தில் வயலில் வேலை குறைவு, வழக்கையும் வாணிகத்தையும் கூட்டாளியிடம் விட்டுவரலாம். சம்பளத்துக்கு உழைத்தவர்களின் நிலை வேறு. தனியார் துறையில் காரணம் காட்டாமலே ஊழியரை விலக்கலாம் என்பதே பெரும்பாலான மாநிலங்களின் பொது விதியாதலால், ஜனவரியில் ஆலையை விட்டுத் தலைநகருக்குச் சென்றவர், கூட்டத்தொடர் முடிந்து திரும்பும்போது தம் இடம் தமக்கிருக்கும் என்று நம்ப இயலவில்லை.

இக்குறையை நீக்கச் சில மாநிலங்கள் தனிச் சட்டம் செய்தன. வெர்மான்டில் முழுநேர ஊழியர் ஒருவர் உறுப்பினராகப் பணியாற்றத் தற்காலிக விடுப்போ பகுதி விடுப்போ பெறும் உரிமையுடையவர். அவ்விடுப்பால் அவரது பதவி நிலையும் பணிமூப்பும், அதாவது பணியில் சேர்ந்த காலத்தை வைத்துக் கணக்கிடப்படும் முன்னுரிமையும், குறையலாகாது. தேர்தலில் நிற்பவர் தம் எண்ணத்தை முன்னரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்றும் சட்டம் கூறுவது, வேலை தருபவரின் இடர்ப்பாட்டையும் கருதியதைக் காட்டுகிறது. கனெக்டிகட் சட்டம் 25 பேருக்குக் குறையாமல் வேலை தருவோரையே கட்டுப்படுத்துகிறது. உறுப்பினராக இருப்பவரை மட்டுமன்றி வேட்பாளரையும் அது பணிநீக்கத்திலிருந்து காக்கிறது. அயோவாவிலோ இவ்விடுப்புரிமை நகராட்சி, கவுண்டி எனப்படும் மாவட்ட அமைப்பு ஆகியவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கும் விரிகிறது.

கலிபோர்னியா மேற்கொண்ட வழி இதற்கு மாறானது. 1966இல் வாக்காளர் ஏற்ற அரசமைப்புத் திருத்தத்தின் வழியே அது தன் சட்டமன்றத்தை முழுநேர அவையாக்கி, ஊதியத்தையும் உயர்த்தியதால், உறுப்பினர் வேறொரு முதலாளியின் தயவை நாட வேண்டிய தேவை அங்கே குறைந்தது. விடுப்புச் சட்டங்கள் அத்துணை தொலைவு செல்லவில்லை: அவை வேலையைக் காத்தனவேயன்றி, அவையில் கழியும் மாதங்களுக்குரிய சம்பளத்தைத் தருமாறு வேலை தருபவரைப் பணிக்கவில்லை. எனவே பகுதிநேரச் சட்டமன்றங்களில் ஓய்வு பெற்றோரும் சொந்தத் தொழில் உடையோரும் மிகுந்திருப்பதற்குக் காரணம் வாக்காளரின் விருப்பம் மட்டுமன்று. பதவிக்குரிய ஊதியம் உயராதவரை, விடுப்புரிமை பாதித் தீர்வே ஆகும்.