கஞ்சாவை விட்டவனுக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

நண்பர்களே, இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உள்ளவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

“குடியை நிறுத்தினால் கை நடுங்கும். ஹெராயினை நிறுத்தினால் உடம்பு முறுக்கும். கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது.” டீக்கடைப் பேச்சு மட்டுமல்ல இது. மருத்துவப் புத்தகங்களும் வெகுகாலம் ஏறக்குறைய இப்படித்தான் சொல்லிவந்தன. நான் மருத்துவன் அல்ல, வரலாற்றுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தக் கருத்து எப்படி மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பெரிய விசாரணை நம் நாட்டில்தான் நடந்தது. 1893இல் வெள்ளைக்கார அரசு இந்திய சணல் மருந்துகள் கமிஷன் என்று ஒன்றை அமைத்தது. 1,193 சாட்சிகளிடம் கேட்டு, அடுத்த ஆண்டு ஏழு தொகுதிகளில் அறிக்கை கொடுத்தார்கள். அளவோடு பயன்படுத்தினால் பெரிய தீங்கில்லை, அடியோடு தடை செய்யத் தேவையில்லை என்பது முடிவு. உழைத்து எழுதிய ஆவணம்தான். ஆனால் பெரும்பாலும் வாய்மொழியாகக் கேட்டு எழுதியது.

ஆய்வுக்கூடம் பிறகு வந்தது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், போதைக்கு அடிமையான கைதிகளுக்கென்று ஓர் அரசு மருத்துவமனை இருந்தது. அங்கே நடந்த ஆய்வு ஒன்று 1946இல் வெளியானது. கைதிகள் ஆறு பேர் 39 நாள் விருப்பம்போல் கஞ்சா சிகரெட் புகைத்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக நாளுக்கு 17 சிகரெட். நிறுத்தியபோது குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று எழுதினார்கள். அந்த மருத்துவர்கள் நாள்தோறும் பார்த்தது அபின், ஹெராயின் நோயாளிகளை. வாந்தியும் வலியுமாகத் துடிப்பவனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தூக்கம் கெட்டுச் சிடுசிடுப்பவன் நோயாளியாகத் தெரிந்திருப்பானா? தெரிந்திருக்க மாட்டான் என்பது என் எண்ணம். கைதிகளை வைத்து இப்படி ஆய்வு செய்யலாமா என்ற கேள்வி பின்னாளில் பலமாக எழுந்தது. 1970களில் அந்த வழக்கம் அங்கே நின்றது.

1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இனிமேல் மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோன்ஸ், பெனோவிட்ஸ் இருவரும் தன்னார்வலர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, நாளுக்கு 210 மி.கி. வரை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதை 1976இல் எழுதினார்கள். நிறுத்தியதும் எரிச்சல், தூக்கமின்மை, வியர்வை, பசியின்மை எல்லாம் வந்தன.

“அவ்வளவு மருந்தை யார் சாப்பிடுகிறார்கள்?” என்று கேட்க அப்போதும் இடம் இருந்தது. அதற்குப் பதில் 1999இல் நியூயார்க்கிலிருந்து வந்தது. மார்கரெட் ஹேனியும் அவருடைய குழுவினரும், ஏற்கெனவே வழக்கமாகப் புகைக்கும் 12 பேரை 21 நாள் ஆய்வுக்கூடத்திலேயே குடியிருக்க வைத்தார்கள். சில நாள் உண்மையான கஞ்சா சிகரெட். சில நாள் போதைப் பொருள் நீக்கிய வெற்றுச் சிகரெட். என்றைக்கு எது என்று புகைப்பவர்களுக்குச் சொல்லவில்லை. வெற்றுச் சிகரெட் நாட்களில் பதற்றமும் எரிச்சலும் ஏறின. வயிறு வலித்தது. சாப்பாடு குறைந்தது. கற்பனை என்று இதைத் தள்ள முடியுமா?

காரணமும் மெல்லத் தெரிந்தது. மூளையில் கஞ்சா சென்று ஒட்டும் ஏற்பிகள் உண்டு. அவற்றுக்காக உடம்பே சுரக்கும் ஒரு பொருளை 1992இல் கண்டுபிடித்து ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம் ‘ஆனந்தம்’தான். தினமும் புகைப்பவர்களின் மூளையில் அந்த ஏற்பிகள் குறைந்துபோவதையும், சுமார் நான்கு வாரம் நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வருவதையும் 2012இல் ஸ்கேன் படங்கள் காட்டின. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். கையேடு கஞ்சா நிறுத்த அவஸ்தையைத் தனி நோய்நிலையாகச் சேர்த்தது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் அது கிடையாது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? என்னிடம் படித்த ஒருவனின் அம்மா ஒரு முறை சொன்னார்: “விட்டுட்டேன்னு சத்தியம் பண்றான் சார். ஆனா சோறு இறங்கல, ராத்திரி பூரா நடக்கிறான், தொட்டதுக்கெல்லாம் சீறுறான். மறுபடி இழுக்கிறானோன்னு பயமா இருக்கு.” அந்த அம்மா சொன்ன ஒவ்வொன்றும் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் இருக்கிறது. நிறுத்திய ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். தூக்கம் சரியாகச் சிலருக்கு இன்னும் நாள் பிடிக்கும். அந்த நாட்களில்தான் பலர் தாங்க முடியாமல் திரும்பவும் பற்றவைக்கிறார்கள். வீட்டில் விழும் திட்டும் அப்போதுதான் அதிகம்.

ஆகவே அந்த இரண்டு வாரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். சந்தேகக் கேள்விகளைக் குறையுங்கள். சாப்பாட்டை முன்னால் வையுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.

உங்களுக்குத் தெரிந்ததைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். யார் பெயரையும் குறிப்பிட வேண்டாம்.