கைச்சுவடியும் இரகசியக் கோவையும்

சென்ற தவணை விடுமுறையின்போது தலைநகரத்துத் தனியார் நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கொரு படிவம் வந்தது. என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவனொருவன் அங்கு எழுதுவினைஞர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தான். அவனுடைய கல்வித் தகைமை, வரவொழுங்கு, நடத்தை என்பன பற்றி வினவிய பின்னர், ஐந்தாவது வினா வேறொரு திசையிற் சென்றது: மாணவர் கிளர்ச்சி எதிலேனும் ஈடுபட்டவரா? தாளின் மூலையில் ‘அந்தரங்கம்’ என அச்சிடப்பட்டிருந்தது. விண்ணப்பதாரிக்குக் காட்டலாகாது என்பது அதன் பொருள்.

ஒருவரை வேலைக்கமர்த்துமுன் விசாரித்தறிதல் தவறென்று எவரும் கூறார். மருந்து கொடுப்பவர் அதற்குரிய கல்வி கற்றவரா, பாடசாலைப் பேருந்தைச் செலுத்துபவரிடம் அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்கத்தான் வேண்டும். ஐந்தாவது வினாவோ தொழிலாற்றும் திறனைப் பற்றியதன்று. வாய் திறக்கும் பழக்கத்தைப் பற்றியது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

பிரெஞ்சுப் புரட்சி 1791 இல் பழைய தொழிற் குழுமங்களை ஒழித்தபோது, அவற்றோடு தொழிலாளரைக் கட்டியிருந்த தளைகள் சிலவும் அறுந்தன. நெப்போலியனின் ஆட்சி அவற்றை மீண்டும் பூட்டியது. 1803 இல் விதிக்கப்பட்ட சட்டங்களின்படி, ஒவ்வொரு தொழிலாளியும் ‘லிவ்ரே’ என்னும் கைச்சுவடியொன்றை வைத்திருத்தல் வேண்டும். அவன் பெயர், வயது, பிறந்த ஊர், தோற்றம், தொழில் யாவும் அதிற் பதியப்பட்டிருக்கும். வேலையிற் சேர்ந்ததும் எசமான் அதனை வாங்கி வைத்துக்கொள்வார். வேலையை விட்டு விலகும்போது, கடப்பாடுகளை நிறைவேற்றினான் என்று அவர் எழுதிக் கொடுத்தாலன்றி இன்னொருவர் அவனை ஏற்கலாகாது. முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் கடனும் சுவடியில் ஏறும்; அடுத்த எசமான் கூலியிற் கழித்து முன்னவருக்குச் செலுத்துவார். சுவடியின்றி ஊர்விட்டு ஊர் செல்பவன் நாடோடியெனக் கைது செய்யப்படலாம்.

இதே 1803 ஆம் ஆண்டுச் சட்டமே தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலியுயர்வு கோருவதையும் தண்டித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அடுத்த ஆண்டு வெளிவந்த குடியியற் சட்டக்கோவையோ, கூலி பற்றிய வழக்கில் எசமானின் சொல்லையே நம்பவேண்டும் என்றது. புரட்சியின் சமத்துவம் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிட்டது போலும்! அப்பிரிவு நீங்க 1868 வரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் கைச்சுவடிக்கு ஒரு குறை இருந்தது. முதலாளிமாரின் நோக்கிற் குறை என்க. அதில் எழுதப்பட்டதைத் தொழிலாளி பார்க்கலாம். வாசிக்கத் தெரியாதவன் அயலவனைக் கொண்டு வாசித்தறியலாம். 1854 ஆம் ஆண்டுச் சட்டம் சுவடியைத் தொழிலாளியின் கையிலேயே விட்டதோடு, அவனைப் பற்றி நல்லதோ தீயதோ எக்குறிப்பும் அதில் எழுதலாகாது எனவும் தடுத்தது. 1890 இல் முறையே ஒழிந்தது.

கடனும் கடதாசியும் இணைந்த இம்முறையை வாசிக்கும்போது நம் மலையகத்துத் ‘துண்டு’ நினைவுக்கு வராமற் போகாது. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அத்துண்டோடு வேறு துரையை நாடுவார். புதிய துரை கட்டிய தொகை தொழிலாளரின் கணக்கில் ஏறும். அறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வது 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். சிறைக்கும் வழி செய்யும். துண்டு முறை 1921 இல் தடைசெய்யப்பட்டது. பிரெஞ்சுத் தொழிலாளியின் சுவடி அவன் பெயரையாவது தாங்கியிருந்தது. இங்கே துண்டு கங்காணியின் மடியில் இருந்தது. கொழுந்து பறித்தவளின் கைக்கு அது எட்டவேயில்லை.

துண்டு மறைந்த அதே காலப்பகுதியிற்றான் பிரித்தானியாவில் வேறொரு முறை வேரூன்றிக்கொண்டிருந்தது. ரஷ்யப் புரட்சி கண்டு கலங்கிய தொழிலதிபர்கள் 1919 இல் ஓர் அமைப்பை நிறுவினர். பின்னாளில் அது ‘எக்கொனமிக் லீக்’ எனப் பெயர் பெற்றது. முதலாம் உலகப்போரின்போது கடற்படைப் புலனாய்வுக்குத் தலைமை தாங்கிய றெஜினால்ட் ஹோல் அதன் தாபகருள் ஒருவர். போரிற் பகைநாட்டைக் கண்காணித்தவர், சமாதானத்திற் சொந்த நாட்டுத் தொழிலாளரைக் கண்காணிக்கத் தலைப்பட்டார். சந்தா செலுத்தும் நிறுவனம் விண்ணப்பதாரியின் பெயரைக் கொடுத்தால், அவரைப் பற்றிய பதிவு உண்டா என்று அறிந்துகொள்ளலாம். வேலை கிடையாதவர் காரணம் அறியார். வேறொருவரின் பதிவால் வேலை இழந்தவர்களும் உளர். 1993 இல் அமைப்புக் கலைந்தது.

கலைந்தது பெயர்ப்பலகை மட்டுமே. கட்டடத் தொழிலாளர் பற்றிய பட்டியல் அதே ஆண்டில் ‘கொன்சல்டிங் அசோசியேஷன்’ என்ற வேறொரு பெயருக்குக் கைமாறியது. நாற்பதுக்கு மேற்பட்ட கட்டட நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்தின. ஒரு பெயரைச் சோதிக்க 2 பவுண் 20 பென்ஸ். 2009 பெப்ரவரியிற் பிரித்தானியத் தகவல் ஆணையாளரின் அலுவலர்கள் ட்ரொயிட்விச் என்னும் சிற்றூரிலிருந்த அதன் அலுவலகத்துட் புகுந்தபோது 3,213 பேரைப் பற்றிய குறிப்புக்கள் அகப்பட்டன. களவெடுத்தவர், குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர் என்றா எழுதியிருந்தனர்? தொழிற்சங்கப் பிரதிநிதி, அஸ்பெஸ்டோஸ் தூசு பற்றி முறையிட்டவர், வேலைத்தளத்துப் பாதுகாப்பின்மையைச் சுட்டியவர் என்றிருந்தது. எச்சரித்தமைக்காகப் பட்டினி!

அமைப்பை நடத்தியவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 5,000 பவுண். அதுவும் தகவற் கோவை வைத்திருப்பதை முறைப்படி பதிவு செய்யாமைக்காக. தொழிற்சங்கத்தவரைப் பட்டியலிடுவதைத் தடுக்கும் விதிகளை ஆக்க 1999 ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்திருந்தும், அவ்விதிகள் 2010 இலேயே நடைமுறைக்கு வந்தன. 2016 இல் பெரிய நிறுவனங்கள் சில உயர் நீதிமன்றில் மன்னிப்புக் கோரி நட்டஈடு செலுத்தின. ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு வேலைத்தள வாயிலிலும் திருப்பியனுப்பப்பட்டவர்கள் தம்மைப் பற்றிய தாள்களைக் கேட்டுப் பெற்று, அப்போதுதான் காரணத்தை வாசித்தனர்.

எனக்கு வந்த படிவத்தில் ஐந்தாவது வினாவைக் கோடிட்டு வெட்டி, ஏனையவற்றுக்கு விடையெழுதி அனுப்பினேன். வெட்டியதே ஒரு விடையாக அவர்களுக்குப் படுமோ என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. படிவத்தின் பிரதியொன்றை, ‘அந்தரங்கம்’ என்ற சொல்லோடு சேர்த்தே, அம்மாணவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.