தறி வீட்டு ஏசியும் ஈரத்தின் கதையும்

போன வருஷம் மே மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை ஐந்தரை மணி. ஆரணியிலிருந்து சித்தப்பா போன். அந்த நேரத்தில் போன் வந்தால் மனசு முதலில் அப்பாவிடம்தான் ஓடும். ஆனால் சித்தப்பா சொன்னது வேற.

"தம்பி, உங்க ஏசி தண்ணி பாவு மேல இறங்கிடுச்சுப்பா. செவப்பு ஓடிப்போச்சு."

எங்கள் வீட்டு அமைப்பைச் சொன்னால்தான் இது புரியும். முன்னால் தறிக்கூடம். அதில் குழித்தறி, சித்தப்பா இன்னும் நெய்கிறார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுக்கிற அறை. நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த அப்பாவுக்கு இப்போது முழங்காலும் மூச்சும் ஒத்துழைப்பதில்லை. கோடையில் தூங்க முடியாமல் திணறுகிறார் என்று நான்தான் அந்த அறைக்கு ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி வாங்கிப் போட்டேன். அதன் குழாய்கள் சுவரைத் துளைத்து, தறிக்கூடத்தின் மேல்பக்கமாகத்தான் வெளியே போகின்றன. ராத்திரி ஏசியிலிருந்து வழிந்த தண்ணீர் அந்தத் துளை வழியாக வந்து, கீழே கட்டித் தொங்கவிட்டிருந்த பாவுச் சுருளில் சொட்டியிருக்கிறது. மூணு புடவைக்கான பாவு. அதில் ஒரு புடவை அளவுக்குச் சிவப்புச் சாயம் சந்தன நிறத்தில் இறங்கிவிட்டது. பட்டு முதலாளியுடையது, நஷ்டம் சித்தப்பா கூலியில்தான் கழியும். அதை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "காசு கெடக்கட்டும், கல்யாணப் பொடவடா அது, தேதி இருக்கு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்கு முந்தின மாசமே ஏசி ஒருமுறை ஒழுகியிருந்தது. வந்து பார்த்த மெக்கானிக் "கேஸ் கம்மி" என்று சொல்லி கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். பத்து நாள் நன்றாக இருந்தது. அப்புறம் இது.

நான் மென்பொருள்காரன். ஒரு பிழை இரண்டாவது முறை வந்தால், முதல் முறை நாம் காரணத்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம். ஆரணிக்கு பஸ் ஏறினேன். போகிற வழியில் மொபைலில் படிக்க ஆரம்பித்த ஒரு கேள்வி: காற்றைக் குளிர வைக்கிற மெஷினிலிருந்து இவ்வளவு தண்ணீர் ஏன் வருகிறது? அது என்னை இருநூறு வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அந்த "டன்" கணக்கு. ஒன்றரை டன் ஏசி என்றால் அதன் எடை ஒன்றரை டன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னே எது டன்? பனிக்கட்டி. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகி முடிக்க எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன். இன்றைய கணக்கில் மணிக்கு 12,000 பி.டி.யு., அல்லது சுமார் 3.5 கிலோவாட். அப்பா அறையில் மாட்டியிருப்பது, ஒரு நாளைக்கு 1,360 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமமான மெஷின்.

குளிர்ச்சியை ஐஸால் அளந்த காலம் ஒன்று இருந்ததன் எச்சம் இது. அந்தக் காலத்தின் கட்டிடம் ஒன்று சென்னையில் இன்னமும் நிற்கிறது. மெரினா எதிரில் இருக்கிற விவேகானந்தர் இல்லம்தான். பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்கக் குளங்களில் உறைந்த பனியை வெட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றினார். 1833இல் முதல் சரக்கு கல்கத்தா வந்தது. நாலு மாசப் பயணத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் உருகாமல் இருந்ததாம். மதராஸில் இறக்கிய ஐஸை வைக்க 1840களின் தொடக்கத்தில் கட்டியதுதான் அந்த வட்டக் கட்டிடம். பிறகு மெஷினிலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டிடம் கை மாறியது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். ஏரியாவுக்கு மட்டும் "ஐஸ் ஹவுஸ்" என்ற பேர் நின்றுவிட்டது.

ஐஸ் குளிர்ச்சி கொடுத்தது. ஆனால் இன்றைய ஏசி அந்த வழியில் பிறந்ததில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்குப் பிரச்சினை. வண்ணப் படம் அச்சடிக்க ஒரே தாளை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை ஓட்ட வேண்டும். கோடைக் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தாள் விரியும். அடுத்த நிறம் இடம் தள்ளி விழும். சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவர்களிடம் கேட்டால் இந்த வலியைச் சொல்வார்கள். அதைத் தீர்க்கச் சொல்லி அனுப்பப்பட்டவர் வில்லிஸ் கேரியர், 25 வயசு இன்ஜினியர். குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் காற்றை ஓட்டினால், காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராகப் படிந்து பிரிந்துவிடும். ஐஸ் தண்ணீர் வைத்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே சங்கதி. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. குளிர்ச்சி அதற்கான வழி.

"ஏர் கண்டிஷனிங்" என்ற பேர் வந்தது 1906இல். வைத்தவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவர் யார் தெரியுமா? வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்கு இயந்திரம் அமைத்துக் கொடுத்த ஜவுளி இன்ஜினியர்! காற்று காய்ந்துபோனால் பருத்தி நூல் அறும், பறக்கும். அதனால் ஆலைக் காற்றில் ஈரம் சேர்ப்பது அவர் தொழில். கேரியர் ஈரத்தை எடுத்தார், கிரேமர் ஈரத்தைச் சேர்த்தார். இரண்டுமே கண்டிஷனிங்தான்.

ஜவுளி உலகத்தில் அந்த வார்த்தை இன்னும் பழசு. பட்டு தன் எடையில் கணிசமான அளவு ஈரத்தைக் காற்றிலிருந்து குடிக்கும். ஈரப்பட்டை விற்றால் வாங்குகிறவன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறான் என்று அர்த்தம். இந்தச் சண்டையைத் தீர்க்க பிரான்சின் லியோன் நகரில் 1805இல் அரசே ஒரு பட்டு கண்டிஷனிங் நிலையம் ஏற்படுத்தியது. மாதிரிப் பட்டைக் காயவைத்து எடை போட்டு, அதன் மேல் நியாயமான ஈரத்துக்கு இவ்வளவு என்று சேர்த்து விலை எடையைத் தீர்மானிப்பார்கள். அந்த நியாயமான ஈரம் 11 சதவீதம் என்பது பட்டு வணிகத்தில் நிலைத்துவிட்டது.

இதைப் படித்ததும் பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். ஆரணியில் இன்றைக்கும் முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுக்கிறார், புடவையாக எடை போட்டுத்தான் வாங்குகிறார். ஐப்பசி மழையில் எடை ஏறும், சித்திரையில் இறங்கும், குறைந்தால் நெசவாளி பதில் சொல்ல வேண்டும். லியோன்காரன் நிலையம் கட்டித் தீர்த்ததை எங்க தாத்தா, "மழ எட வேற, வெயில் எட வேற" என்று வாய்ச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கிறார்.

நூலுக்கு ஈரம் வேண்டும் என்பது நெசவு செய்கிற எல்லா ஊருக்கும் தெரிந்த விஷயம். டாக்கா மஸ்லினுக்கு மெல்லிய நூல் நூற்ற பெண்கள், காற்றில் ஈரம் இருக்கிற விடியற்காலையிலும் அந்தியிலும்தான் நூற்றார்கள். எங்கள் தெருவில் பாவு ஓடுவதும் வெயில் ஏறுமுன்தான். குழித்தறிக்குக் குழி, கால் மிதிக்க இடம் கொடுப்பதோடு மண்ணின் ஈரத்தையும் பாவுக்குக் கொடுக்கிறது.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில், அதிகக் கஞ்சி போட்ட நூல் அறாமல் இருக்க நெசவுக் கொட்டகைக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். நூல் நன்றாக இருந்தது. ஆட்கள் நனைந்த உடையோடு இருமிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தொழிலாளர்கள் எதிர்த்ததால் 1889இல் தனிச் சட்டமே வந்தது. கொட்டகையில் ஈர, உலர் வெப்பமானிகள் மாட்ட வேண்டும், இவ்வளவுக்கு மேல் ஈரம் கூடாது என்றது சட்டம். காற்றைப் பதப்படுத்துவது என்ற யோசனையில் ரொம்ப காலம் நூல், தாள் இவைதான் முதல் வாடிக்கையாளர்கள். மனுஷன் வந்தது பிறகு; 1925இல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டருக்குக் கேரியர் ஏசி போட்ட மாதிரி சமயங்களில்தான் சாதாரண ஜனங்கள் அந்தக் காற்றில் உட்கார்ந்தார்கள்.

ஆரணி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி ஏசியின் முன்மூடியைத் திறந்தேன். அம்மா கீழே டார்ச் பிடித்தார்கள். ஃபில்டர் வலையை உருவினேன். வலையே தெரியவில்லை. சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று ஒரு மெல்லிய கம்பளம் படிந்திருந்தது. பட்டுத் தூசி!

"ஏம்மா, இந்த ரூம்ல இவ்ளோ நூல் தூசி எப்படி வந்துச்சு?"

அம்மா கொஞ்சம் தயங்கி, "வெயிலுக்கு இதமா இருக்குன்னு ராட்டைய இங்க வெச்சுத்தாம்பா தாரு சுத்தறேன். ஆனா இந்த ஏசில நூலு துள்ளுது, கைல ஒட்டுது" என்றார்கள். காற்று காய்ந்தால் பட்டில் நிலைமின்சாரம் ஏறும். கிரேமருக்கு இருந்த பிரச்சினை, எங்கள் வீட்டுப் படுக்கையறையில்.

இப்போது காரணம் முழுசாகப் புரிந்தது. ஃபில்டர் அடைத்தால் குளிர்ச்சுருளின் மேல் காற்று போதுமான அளவு ஓடாது. சுருள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி அதன்மேல் ஐஸ் கட்டும். கம்ப்ரஸர் நிற்கும்போது அந்த ஐஸ் மொத்தமாக உருகும். கீழே இருக்கிற தட்டின் வாயிலோ, தூசியும் பாசியும் சேர்ந்து கொழகொழவென்று ஒரு அடைப்பு. தண்ணீருக்கு வழி இல்லை, சுவரில் இறங்கிவிட்டது. கேஸ் குறைந்தாலும் இதே மாதிரி ஐஸ் கட்டும் என்பது உண்மை. அதனால் மெக்கானிக்கின் ஊகம் அடியோடு தப்பில்லை. ஆனால் ஏசியின் கேஸ் மூடிய சுற்றில் ஓடுவது. பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. கசிவைத் தேடாமல் வெறுமனே ஏற்றுவதில் பிரயோஜனம் இல்லை. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஃபில்டரை.

வீட்டிலேயே நாம் செய்யக்கூடியவை இவ்வளவுதான். மெயினை அணைத்துவிட்டு ஃபில்டரை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுவது. சாதாரண வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தறி வீடு, ரைஸ் மில் பக்கத்து வீடு என்றால் வாரம் ஒருமுறை. கோடைக்கு முன்னால் தண்ணீர்த் தட்டில் மெதுவாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது வெளிக்குழாயில் சீராக வருகிறதா என்று பார்ப்பது. குழாய் எங்கேயும் மேலேறாமல் சரிவாக இருக்க வேண்டும், அதன் நுனி வாளித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது. தரையில் எட்டுகிற மாதிரி இருந்தால், வெளி யூனிட்டின் தகடுகளில் படிந்த தூசியை மிதமான தண்ணீரால் கழுவுவது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற கெபாசிட்டர் மின்சாரத்தை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும். இப்போது வருகிற ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது. கேஸ், ஒயரிங், சுவரின் உயரத்தில் தொங்குகிற யூனிட், இந்த மூன்றும் தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை.

எல்லாம் முடித்து அன்றிரவு வெளிக்குழாய்க்குக் கீழே வாளி வைத்தேன். காலையில் அளந்தால் ஏழு லிட்டர்! ஒரே அறையின் காற்றிலிருந்து. முந்தின ராத்திரி இதில் பாதியாவது பாவைத் தேடிப் போயிருக்கும்.

வாளியைப் பார்த்துவிட்டு அப்பா, "இதுக்குப் பேரு கூலர் இல்லையேடா, காத்துல இருந்து தண்ணி எறைக்கிற மெஷினு" என்றார். நாலு மணி நேரம் நான் படித்ததை ஒரு வரியில் முடித்துவிட்டார். தமிழில் நாம் இதைக் குளிரூட்டி, குளிர்சாதனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் தண்ணீர் ஞாபகத்துக்கு வருவதில்லை. கலைச்சொல் அகராதிக்காரர்கள் வைத்த "காற்றுப் பதனாக்கம்" யார் வாயிலும் நுழையவில்லை, ஆனால் சரியான பேர் அதுதான். கஞ்சிக்குப் பதம், பாகுக்குப் பதம், காற்றில் ஈரப்பதம்.

ராட்டை திரும்பவும் தறிக்கூடத்துக்கே போய்விட்டது. குழாய்த் துளையைச் சிமெண்டால் அடைத்தாயிற்று. பாழான பாவின் நீளத்தைச் சித்தப்பா அறுத்துவிட்டு, புதுப் பட்டு வாங்கி இழை இழையாகப் பிணைத்தார். ராத்திரியும் தறியில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் புடவையைக் கொடுத்தார். பிணைக்கிற நேரத்தில் ஃபேன் கூடப் போட முடியாது, இழை பறக்கும். மே மாச ஆரணி வெயிலில், வேர்வை இழையில் விழாமல் துண்டால் துடைத்துக்கொண்டே பிணைத்தார். "உங்களுக்கும் ஒரு ஏசி போடட்டுமா சித்தப்பா?" என்று கேட்டதற்கு, "நூலு காஞ்சிடும், வேணாம்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக நூலுக்காகக் காற்றைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தோம் என்று தெரியும். ஒரு மனுஷனுக்காகக் காற்றைப் பதப்படுத்தியது அப்பாவுக்குத்தான் முதல் தடவை. அந்த ஃபில்டரை இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவே அலசுகிறார். ஸ்டூல் ஏறி எடுத்துக் கொடுப்பது மட்டும் சித்தப்பா.